பிரேக் மாஸ்டரின் கண்கள்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. போனில் நான் குரலை உயர்த்தினேன் என்று பாதியில் வைத்துவிட்டாய். "எதுவா இருந்தாலும் எழுது. போன்ல கத்தினா அப்பா காதுல விழுது" என்று மெசேஜ் வேறு போட்டாய். சரி, எழுதுகிறேன். நீ வேலை பார்க்கும் ஹோட்டல் முகவரிக்கே அனுப்புகிறேன். அப்பா கையில் சிக்காது.

அவர் டிரைவிங் ஸ்கூலை விற்றுவிட்டார் என்பது எனக்கு யார் சொல்லித் தெரிந்தது தெரியுமா? அவரிடம் வண்டி கற்றுக்கொண்ட ஒரு பெண் சொல்லி. "பிரேக் மாஸ்டர் வண்டியில எதிர்த்தெருக்காரர் பேரு எழுதியிருக்கே, மாஸ்டருக்கு உடம்புக்கு என்ன?" என்று அவள் என்னைக் கேட்கிறாள். பெற்ற பிள்ளை நான் திருதிருவென்று முழிக்கிறேன். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொள்ள நான் என்ன மூன்றாம் மனிதனா?

அம்மா போன அன்று சாயங்காலம்கூட ஒரு மாணவனைக் கூட்டிக்கொண்டு ரவுண்டு போய்விட்டு வந்த மனிதர் அவர். அவர் தானாக வண்டியைக் கொடுத்தார் என்றால் நான் நம்ப மாட்டேன். பக்கத்திலேயே இருப்பவர்கள் தினமும் ஓதி ஓதிக் கரைத்திருப்பீர்கள். "இந்த வயசுல எதுக்குப்பா, எங்ககூட வந்து இருங்க" என்று நீ சொல்லியிருப்பாய். அத்தான் ஆமாம் போட்டிருப்பார். வீட்டைப் பார்த்துக்கொள்ள, பார்சல் வாங்கி வைக்க ஒரு ஆள் கிடைத்தாயிற்று.

இன்னொன்று. நான் கிளம்பும்போது என் கேம் பெட்டியை அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தது அவர் விளையாடுவதற்காக அல்ல. நெட் இருந்தால் நான் கட்டுகிற சந்தாவில் அதிலேயே சினிமா பார்க்கலாம், தியேட்டர் போல ஹெச்.டி.யில் துல்லியமாக வரும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கன்ட்ரோலரைக் கியர் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் பண்ணி, பார்த்த படத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். இப்போது போனே இல்லை. பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டீர்களா?

தம்பி

*

பிப்ரவரி 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் துணி அறையில் நின்றுகொண்டே படித்தேன். வெளுப்புக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. எடுத்து எறியவேண்டும் போலிருந்தது, கடிதத்தையா விரிப்புகளையா என்று தெரியவில்லை.

நன்றாகக் கேட்டுக்கொள். அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் அவரே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய உன் கேம் பெட்டி. குழந்தையைத் தூக்கி வருவதுபோல அதைத் தூக்கி வந்தார். "வண்டியைக் குடுத்துட்டேன். லைசென்ஸையும் ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டேன். போதும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "போதும்னா போதும்" என்றார். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

எனக்கு மட்டும் சந்தோஷமா? காலையில் நான் எழுந்திருக்கும்போது ஹாலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வெளியே போக மாட்டேன் என்கிறார். படி இறங்கும்போது சுவரைப் பிடிக்கிறார். கடைக்குப் போய் வாருங்கள் என்றால், "யாராவது கூட வரட்டும்" என்கிறார். ஊர் ஜனம் பாதிக்கு ரோட்டைக் கடக்கக் கற்றுக்கொடுத்த மனிதர்.

உன் பெட்டியை யாரும் பிடுங்கவில்லை. அவர்தான் அதைத் தொடுவதில்லை. வந்த புதிதில் போட்டுவிட்டு டி.வி.யோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பார். பிறகு அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். எனக்கென்னவோ அந்தப் பெட்டி வந்த பிறகுதான் மனிதர் மாறினார் என்று தோன்றுகிறது. நாள் முழுக்க ரோட்டில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தவரை ஒரு திரை முன்னால் உட்கார வைத்தது நீ. இப்போது நான் கரைத்தேன், அத்தான் ஆமாம் போட்டார் என்று பாட்டுப் பாடுகிறாய். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம்.

அவ்வளவு அக்கறை என்றால் கிளம்பி வா. பெரிய சூப்பர்வைசர்தானே, லீவு கொடுக்க மாட்டார்களா?

அக்கா

*

மார்ச் 2

அக்காவுக்கு,

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே. சினிமா பார்த்து யாரும் வண்டியை விற்க மாட்டார்கள்.

லீவு இப்போது கஷ்டம். ஒரு பெரிய கட்டடத்துக்கு லிஃப்ட் எல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம், நான் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். உனக்குச் சொன்னால் புரியாது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பா கடைசியாகப் போன் பண்ணியபோது ஒரு கேள்வி கேட்டார். "பெரியப்பாவுக்குக் கண்ணு போச்சே, முதல்ல எது மங்கிச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். நான் அப்போது அவசரத்தில் இருந்தேன். "எனக்கெப்படிப்பா தெரியும், நான் அப்ப சின்னப் பையன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதுவும் இல்லாமல், கொஞ்ச நாளாகவே நம்பர் பிளேட் பேச்சு நின்றுவிட்டது. அவருடைய அந்தப் பைத்தியம் உனக்குத் தெரியும். புதிதாக யார் கற்றுக்கொள்ள வந்தாலும் தெருவில் நிறுத்தி, தூரத்தில் நிற்கிற வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வார். படிக்க முடியாவிட்டால் "முதல்ல கண்ணாடி போட்டுட்டு வா, அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சினிமாவிலும் அதே வேலைதான். கார் துரத்துகிற சீன் வந்தால் கன்ட்ரோலரை அழுத்திப் படத்தை நிறுத்தி, முன்னால் போகிற வண்டியின் நம்பரைப் படிப்பார். "வில்லனுக்கு ரெண்டு சீன்ல ரெண்டு நம்பர்டா, போலீஸ் எப்படிப் பிடிக்கும்" என்று என்னிடம் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாயிற்று.

கொஞ்சம் கேட்டுப் பார். நான் கேட்டால் சொல்ல மாட்டார்.

தம்பி

*

மார்ச் 14

தம்பிக்கு,

கேட்டேன். கேட்டதற்காக இப்போது நான்தான் வருந்துகிறேன்.

பெரியப்பா கண்ணைப் பற்றி எதற்குக் கேட்டீர்கள் என்றதும் மனிதர் முகம் மாறிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "அண்ணனுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. ரோடு தெரியும், மரம் தெரியும், மூஞ்சி மட்டும் கரைஞ்சு போயிருக்கும். எனக்கு இப்ப படத்துல யார் மூஞ்சியும் சரியா தெரியல. நம்பர் பிளேட்டு வெறும் வெள்ளைப் பட்டையா இருக்கு. தெருவுல நிக்கிற வண்டி நம்பரைப் படிச்சுப் பார்க்கவே பயமா இருக்கு."

கொஞ்ச நாள் முன்னால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வாசல் கேட்டில் உரசிவிட்டாராம். அவர் வாழ்க்கையில் நடக்காத விஷயம். அதோடு முடிவு பண்ணிவிட்டார். "பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக் போடுறவனுக்குக் கண்ணு இல்லேன்னா, ஒரு சின்னப் பொண்ணு உயிர் என் கால்ல போயிடும்" என்றார். டாக்டரிடம் ஏன் போகவில்லை என்றேன். "எத்தனை பேரைக் கண்ணு சரியில்லேன்னு நான் திருப்பி அனுப்பியிருக்கேன். என்னை ஒருத்தன் திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி நானே போயிட்டேன்."

மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எல்லாக் கருவியிலும் அவர் முகத்தை வைத்துப் பார்த்தார். கடைசி வரி வரைக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னார். "கண்ணு நல்லா இருக்கு. லேசா புரை இருக்கு, அதுக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்ல. இவர் லாரியே ஓட்டலாம்" என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வரும் வழியில், "அட்டையில இருக்கிற எழுத்து எனக்கு மனப்பாடம்மா, எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நம்ப வைக்க முடியவில்லை.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அத்தான் தன் ஆபீஸ் லேப்டாப்பை டி.வி.யில் மாட்டி, தான் சந்தா கட்டுகிற கணக்கில் ஒரு கார் படத்தைப் போட்டார். அப்பா தன் நாற்காலியிலிருந்தபடியே நம்பரைப் படித்தார். அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி எல்லாம் படித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அதே படத்தை, அதே டி.வி.யில், உன் கேம் பெட்டி வழியாகப் போட்டோம். வெள்ளைப் பட்டை. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, அத்தானுக்கும் அப்படித்தான்.

வயரை மாற்றிப் பார்த்தோம். நெட் சரியாக இருந்தது. பெட்டியிலும் கோளாறு இல்லை. கடைசியில் அத்தான் எங்கேயோ உள்ளே போய்ப் பார்த்தார். இந்தக் கணக்கின் திட்டத்தில் ஹெச்.டி. கிடையாது, கணக்கு வைத்திருப்பவர் மழைக்காலத்தில் மாற்றியிருக்கிறார் என்று இருந்தது. கணக்கு வைத்திருப்பவர் யார்?

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ குத்திக்காட்ட இடம் வைக்க வேண்டாம். அப்பா தனியாக இருந்தபோது ஒரு தடவை அத்தான் அவரைப் பார்க்கப் போயிருக்கிறார். படம் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்குத் தெளிவா தெரியுதா மாப்பிள்ளை?" என்று அப்பா கேட்டாராம். படம் மங்கல்தான். ஆனால் மைத்துனன் கொடுத்த பொருளை மாமனார் முன்னால் குறை சொல்வானேன் என்று, "பிரமாதமா இருக்கு மாமா" என்றாராம் இந்த மகானுபாவர். அப்பாவுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? தன் கண்தான் போயிற்று என்று எழுதி வைத்துக்கொண்டுவிட்டார்.

திட்டம் மாறிய விஷயத்தை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. லேப்டாப்பில் ஏதோ வித்தை காட்டிச் சமாதானம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ ஏன் மாற்றினாய்?

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் எழுதியது முழுக்க அத்தானைத் திட்டித்தான். அதை நீ படிக்காதது நல்லது.

எனக்கு வேலை போய்விட்டது. மழைக்காலத்திலேயே போய்விட்டது. எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். லிஃப்ட், பெரிய கட்டடம் என்று உனக்கு எழுதியதெல்லாம் புளுகு. இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்கு இறக்குகிறேன். கையுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது, என் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். அறையை மூன்று பேர் பங்கு போட்டிருக்கிறோம். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் நான்தான் படித்தவன், வெளியூர் போனவன். ஸ்கூலை எடுத்து நடத்துடா என்று அப்பா கெஞ்சியபோது, "எனக்கு அதைவிட நல்ல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தவன்.

எல்லாச் செலவையும் குறைத்துக்கொண்டு வந்தபோது அந்தச் சந்தாவையும் குறைந்த திட்டத்துக்கு மாற்றினேன். நிறுத்தவில்லை, அதைக் கவனி. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். மாற்றினால் படம் வரும், கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். வயதானவர், அவருக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

நேற்றே பழையபடி ஹெச்.டி.க்கு மாற்றிவிட்டேன். போட்டுக் காட்டு, நம்பிவிடுவார். அவரிடம் நெட் லைன் கோளாறு என்று சொல்லிவிடு அக்கா. உன்னை இதுவரை எதுவும் கேட்டதில்லை, இதை மட்டும் செய். லைசென்ஸை மறுபடியும் வாங்கிக் கொடு. எதிர்த்தெருக்காரரிடம் பேசி வண்டியைத் திருப்பி வாங்கப் பார். எல்லாம் சரியாகிவிடும்.

தம்பி

*

ஏப்ரல் 11

தம்பிக்கு,

எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத உனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

நீ சொன்னபடி பொய் சொன்னேன். லைன் கோளாறு, சரிபண்ணிவிட்டார்கள் என்று சொல்லி, உன் பெட்டியில் படத்தைப் போட்டேன். முகமெல்லாம் பளிச்சென்று வந்தது. அப்பா திரையில் போன ஒரு வண்டி நம்பரை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போய்விட்டு வந்தார். அந்த ஒரு வாரம் நீ பார்த்திருக்க வேண்டும். காலையில் பேப்பரை வாய்விட்டுப் படிப்பதென்ன, மாடியிலிருந்து தெருவில் போகிற வண்டி நம்பரையெல்லாம் படிப்பதென்ன. நான் உன்னை மன்னித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

லைசென்ஸ் ஆபீஸுக்குப் போனோம். திருப்பிக் கொடுத்த லைசென்ஸ் கொடுத்ததுதான், புதிதாக டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டவேண்டும் என்றார்கள். ஓட்டிக் காட்டுவதற்கு நம் பழைய வண்டியையே எதிர்த்தெருக்காரர் கொடுத்தனுப்பினார். நல்ல மனிதர்தான். ஆனால் விற்கமாட்டாராம், கேட்டுவிட்டேன். அவர் பிழைப்பு அவருக்கு.

டிரைவர் சீட்டில் அப்பா, பக்கத்து சீட்டில் அதிகாரி. அந்த அதிகாரி வயதில் அப்பாவின் மாணவர்களுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் வெளியே கம்பி வேலி பக்கம் நின்றேன். வண்டி கிளம்பியது, ஒழுங்காகத்தான் போனது. கண்ணாடி பாரு, கிளட்ச் மிதி, மெதுவா விடு என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாராம். அத்தனை வருஷப் பழக்கம் வாயை விட்டுப் போகுமா? குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. அப்பா "பிரேக்" என்று கத்தினார். கத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவன் மிதிப்பான் என்று ஒரு கணம் இருந்துவிட்டார். அதிகாரிதான் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

ஃபெயில்.

சைக்கிள்காரனுக்கு ஒன்றுமில்லை. அப்பா இறங்கி வந்து, "கண்ணுல தெளிவா தெரிஞ்சுதும்மா, அவன் சட்டை பட்டன்கூடத் தெரிஞ்சுது" என்றார். மறுபடி டெஸ்டுக்கு வர மாட்டேன் என்கிறார். "நானாயிருந்தாலும் இப்படி ஓட்டினவனை ஃபெயில்தான் பண்ணியிருப்பேன்" என்கிறார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவருக்கு இந்த டெஸ்டே வந்திருக்காது. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

பொய்யை நான் இன்னும் எத்தனை நாள் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பதையும் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்கா,

நான் வருகிறேன். கிடங்கில் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அங்கே இருப்பேன். லீவில் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். பிறகு மெதுவாக, வேலையே பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்று நானே சொல்கிறேன். எதிர்த்தெருக்காரரிடம் போய் நிற்கிறேன், அப்பாவுக்குப் பாடம் மட்டும் எடுக்கிற வேலை கொடுக்கச் சொல்லிக் கேட்கிறேன். நான் வரும்வரை வாயைத் திறக்காதே. கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 28

தம்பிக்கு,

உன் கடிதம் தாமதமாக வந்தது. வருவதற்குள் நான் சொல்லிவிட்டேன். முன்னாலேயே வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

டெஸ்டுக்குப் பிறகு அவர் மறுபடி ஹாலில் உட்கார ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் நெட் கம்பெனிக்குப் போன் பண்ணப் போகிறேன் என்று நம்பர் கேட்டார். "ஒரு மனுஷனோட பொழப்பையே கெடுத்துட்டீங்களேன்னு கேக்கணும். கேட்டாத்தான் இன்னொருத்தனுக்குச் செய்ய மாட்டான்" என்றார். யாரோ ஒரு பாவப்பட்ட பெண் போனை எடுத்து, எதுவும் புரியாமல் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். எனக்குத் தாங்கவில்லை. போனை வாங்கி வைத்துவிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். உன் சந்தாவை, உன் வேலையை, உன் கிடங்கை, எல்லாவற்றையும்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவனுக்கு எப்ப வேலை போச்சு?" என்று மட்டும் கேட்டார். மழைக்காலத்தில் என்றேன். விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

வண்டியை எதிர்த்தெருக்காரருக்குக் கொடுப்பதற்கு முன்னால் உனக்குப் போன் பண்ணினாராம். உன்னிடம் அவர் அந்தக் கண் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். அந்தப் போன் அதற்காகப் பண்ணியதே இல்லை. எனக்குக் கண் போகிறது, நீ வந்து ஸ்கூலை எடுத்துக்கொள்வாயா என்று கேட்கத்தான் பண்ணினாராம். முதலில் கண்ணில் ஆரம்பித்தார், நீ அவசரம் என்றாய். அதே போனில் அதற்கும் முன்னால், புது வீடு பார்க்கிறேன், கம்பெனியில் உயர்த்தப் போகிறார்கள் என்று நிறையச் சொன்னாயாமே. "அங்க ராஜா மாதிரி இருக்கிற பையனை இந்த ஓட்டை வண்டிக்குக் கூப்பிடுறதான்னு விட்டுட்டேம்மா" என்றார்.

நீ அன்றைக்குக் கிடங்கில் சரக்கு இறக்கிவிட்டு வந்துதானே அந்த ராஜா கதையைச் சொன்னாய்?

அவர் சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மங்கின படத்தைப் பற்றியும் பேசவில்லை. கடைசியில் கேட்டது இதுதான்: "அன்னிக்கு நான் கேட்டிருந்தா வந்திருப்பானா?"

எனக்குப் பதில் தெரியாது, தெரிந்தாலும் உன் சார்பில் சொல்ல மாட்டேன். நீ வருவதென்றால் வா, தடுக்கவில்லை. ஆனால் லீவில் வந்தேன் என்ற கதையோடு வாசல் ஏறாதே. வருவதற்கு முன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் எழுது. ஹோட்டல் முகவரிக்கு வேண்டாம், என் பெயருக்கும் வேண்டாம். வீட்டு முகவரிக்கு, அப்பா பெயருக்கே அனுப்பு. நான் பிரித்துப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. அவரே படித்துக்கொள்வார், கண் நன்றாகத்தான் தெரிகிறது.

அக்கா